கணினிக் கேள்வி பதில்: அந்த எரரை அனுப்பியது யார்?

கேள்வி: அண்ணா, முள்ளியவளையில் ஓர் அரிசி ஆலைக்கு பிஎச்பியில் பற்றுச்சீட்டு மென்பொருள் எழுதிக் குடுத்திருக்கிறேன். நெல்லின் நிறையும் தொகையும் சோப் (SOAP, இரண்டு கணினிகள் தகவல் பரிமாறும் ஒரு முறை) வழியாகக் கொழும்பிலுள்ள ஒரு கணக்குச் சேவைக்குப் போகும். காலபோக அறுவடை தொடங்கியதிலிருந்து அடிக்கடி ‘எரர் ஃபெச்சிங் எச்டிடிபி ஹெடர்ஸ்’ என்று வருகிறது. ட்ரை-கேட்ச் (பிழையைப் பிடிக்கும் கட்டளை) போட்டு, பிழை வந்தால் திரும்ப அனுப்பச் செய்தேன். இப்போது சிலருடைய நெல் இரண்டு தரம் பதிவாகியிருக்கிறது. கொழும்பில் கேட்டால் “எங்கட பக்கம் ஒரு பிழையுமில்லை” என்கிறார்கள்.
வாசகி, முள்ளியவளை

பதில்: தங்கச்சி, அவர்கள் சொல்வது பொய்யில்லை. அந்த வசனத்தை அவர்கள் அனுப்பவேயில்லை. உங்கள் கணினியிலிருந்து சோப் தகவலை அனுப்பும் பிஎச்பியின் சோப்கிளையன்ட்தான் அதை எழுதி உங்களிடம் நீட்டியது. பிஎச்பியில் எனக்குக் கோபம் வரும் இடம் இது. சேவை தந்த ஃபோல்டும் (பிழை அறிவிப்பும்) வழியில் நடந்த கோளாறும் சோப்ஃபோல்ட் என்ற ஒரே சட்டையோடுதான் வரும். என்ர அப்புவின் வயலுக்குத் தண்ணி வராவிட்டால் முதலில் வாய்க்கால் வழியே நடந்து பார்ப்பார். இரணைமடுக் குளத்தின் துருசைப் (மதகைப்) பற்றிக் கதைப்பது பிறகுதான்.

நீங்கள் பார்க்கவேண்டியது ஃபோல்ட்கோட், அதாவது அந்தப் பிழையோடு வரும் குறியீடு. ‘எச்டிடிபி’ என்றோ ‘டபிள்யூஎஸ்டிஎல்’ (சேவையின் விபரக் கோப்பு) என்றோ இருந்தால் அது உங்கள் பக்கத்தில் பிறந்தது. ‘சோப்’ போன்ற ஒரு முன்னொட்டும் முக்காற்புள்ளியும் போட்டு ‘சேர்வர்’ என்று இருந்தால் பெரும்பாலும் அங்கிருந்து வந்தது. அதே மாதிரி ‘கிளையன்ட்’ என்று வந்தால் நீங்கள் அனுப்பியதில் பிழை. நூறு தரம் அனுப்பினாலும் அதே பதில்தான், டீட்டெய்ல் பகுதியை வாசித்துத் திருத்துங்கள். (சோப் 1.2 இல் ‘சேர்வர்’ என்பதற்குப் பெயர் ரிசீவர், அதாவது பெறுபவர்; ‘கிளையன்ட்’ என்பதற்குச் சென்டர், அதாவது அனுப்புபவர்.) எச்டிடிபி 500 (சேர்வர் கோளாறு) என்று கண்டு பயப்படவும் வேண்டாம். சோப் 1.1 இல் ஃபோல்ட் எல்லாம் 500 ஆகத்தான் வரவேண்டும். விசயம் பதிலின் உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்தில் இருக்கும். சோப்கிளையன்டில் ‘ட்ரேஸ்’ என்ற தெரிவைப் போட்டுவிட்டு, கடைசியாக வந்த பதிலை அப்படியே ஒரு கோப்பில் எழுதிவையுங்கள்.

இனி உங்கள் இரட்டைப் பதிவு. பிஎச்பி பதிலுக்காகக் காத்திருப்பது, மாற்றாவிட்டால், 60 செக்கன். அறுவடை நேரம் எல்லா ஆலையும் ஒன்றாக அனுப்ப அங்கே சேர்வர் இழுபடும். உங்கள் நெல் பதிவாகிவிடும், பதில் மட்டும் பிந்தும். அதற்குள் உங்கள் பக்கம் இணைப்பை வெட்டிவிட்டு ‘பிழை’ என்கிறது, நீங்கள் திரும்ப அனுப்புகிறீர்கள். அந்த 60 ஐத் தீர்மானிக்கும் ‘டிஃபோல்ட் சொக்கெட் டைம்அவுட்’டை 120 ஆக்கினால் கொஞ்சம் குறையும். ‘கனெக்‌ஷன் டைம்அவுட்’டைக் கூட்டிப் பிரயோசனமில்லை, அது தொடுப்பு எடுக்கும் நேரம் மட்டும்.

உண்மையான வைத்தியம் வேறு. தராசில் நிறை எடுத்ததும் அந்த லோட்டுக்கு ஓர் இலக்கம் போட்டு முதலில் உங்கள் தரவுத்தளத்தில் பதியுங்கள். எத்தனை தரம் அனுப்பினாலும் அதே இலக்கம்தான் போகவேண்டும். ஒரே இலக்கம் மறுபடி வந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தரும்படி கொழும்பாரைக் கேளுங்கள். மாட்டோம் என்றால், திரும்ப அனுப்ப முன்னர் ‘இது பதிவாகியிருக்கா’ என்று விசாரிக்க ஒரு வழியாவது தரச் சொல்லுங்கள்.

நானும் ஒரு காலத்தில் கேட்ச்சுக்குள் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டவன்தான். கிளிநொச்சியில் ஒரு கடைக்காரர் தன் கொப்பிக் கணக்கைக் கொண்டுவந்து மேசையில் போட்ட பிறகுதான் அந்தப் பழக்கம் விட்டது.

ஏற்கெனவே இரட்டித்தவற்றை நீங்களாக அழிக்கவேண்டாம். ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே நிறையில் உண்மையாகவே இரண்டு லோட் கொண்டுவந்திருக்கலாம். ஆலையின் தராசுக் கொப்பியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, முதலாளியிடம் கையொப்பம் வாங்கி, பட்டியலைக் கொழும்புக்கு அனுப்புங்கள்.