மூல க்ரீம்: ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: மெடிக்கல் கடையில் வாங்கிய மூல க்ரீமை மூன்று வாரமாகத் தடவுகிறேன். தடவினால் வலி அடங்குகிறது. ஆனால் கட்டி அப்படியே இருக்கிறது; இப்போது அரிப்பும் கூடிவிட்டது. வேறு கம்பெனி க்ரீம் வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கம்பெனியை மாற்றிப் பயனில்லை. ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெயர் எதுவானாலும் உள்ளே பெரும்பாலும் இவைதான். லிக்னோகெய்ன், பல் பிடுங்குவதற்கு முன் ஊசியில் போடும் அதே மருந்து. தோலை மரத்துப்போகச் செய்யும், சிறிது நேரத்தில் விட்டுவிடும். ஃபினைலெஃப்ரின் ரத்தக் குழாயைச் சுருக்கி வீக்கத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும். ஹைட்ரோகார்டிசோன் அல்லது பெக்லோமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, அரிப்பை அடக்கும். தளர்ந்து கீழிறங்கிய மூலத்தை மேலே ஏற்றும் வேலை இதில் எதற்கும் கிடையாது. கட்டி போகாதது அதனால்தான்.

அரிப்புக்கு க்ரீமே காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டை ஒரு வாரத்துக்கு மேல் தடவினால் தோல் மெலியும். எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் என்பதால் பூஞ்சையும் பிடிக்கும். மரத்துப்போக வைக்கும் மருந்துகள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. க்ரீமை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி எப்போதாவது தேவைப்பட்டால்: மலம் கழித்தபின் சோப்பு போடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். வெளியே தடவப் பட்டாணி அளவு போதும். உள்மூலத்துக்கு, ட்யூபோடு வரும் நாசிலை (நீளமான முனையை) மாட்டி, ட்யூபை லேசாக அழுத்தி, வெளிவரும் க்ரீமை நாசில் மேலேயே பூசிக்கொண்டு செருகுங்கள். உலர்ந்த நாசில் தோலைக் கீறும். அந்தக் கீறலில் வரும் ரத்தத்தைப் பார்த்து மூலம் முற்றிவிட்டதென்று பயந்துபோகிறவர்கள் உண்டு!

மூலத்தைக் குறைப்பது வயிற்றுப் பக்கத்து வேலை. இரவில் மலத்தை இளக்கும் இசப்கோல் உமி இரண்டு டீஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் இசப்கோலே மலத்தைக் கட்டிவிடும். கழிப்பறைக்குள் செல்போன் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த க்ரீமைத் தடவலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஃபினைலெஃப்ரின் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இதயநோய், தைராய்டு, புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கும் இதேதான்.

கேள்வி: கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் மலம் போகும்போது கண்ணாடித் துண்டு கிழிப்பது போல வலி. என்ன க்ரீம் போடலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்களுக்கு இருப்பது மூலமாக இல்லாமல் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது, ரத்தம்தான் வரும். வெடிப்புக்கு, இறுகிய தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் போன்ற களிம்பைச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். மூல க்ரீம் வலியை மறைக்கும், தசை இறுகியபடியே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய டப்பில் பத்து, பதினைந்து நிமிடம் உட்காருங்கள். க்ரீமைவிட அது இதமாக இருக்கும். மலம் கறுப்பாகப் போனாலோ, எடை குறைந்தாலோ, மலம் போகும் வழக்கம் மாறினாலோ, மூலம்தானே என்று விடாமல் உடனே பரிசோதனைக்குப் போங்கள்.