முதல் நாள் ஹனோயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மனைவியும் ஜனவரியில் வியட்நாம் போகிறோம். ஓய்வுபெற்றபின் முதல் வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட் எடுத்ததே போன வருஷம்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஹனோயில் இறங்குகிறோம். மகள் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறாள்: முதல் நாளே ஹோ சி மின் நினைவிடம், இலக்கியக் கோயில், மாலையில் தண்ணீர்ப் பொம்மலாட்டம். எனக்கு ஆங்கிலம் சுமார்தான். இருவரும் சைவம். நீங்கள் அங்கே போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த முதல் நாளை எப்படிச் சமாளிப்பது? பயமாக இருக்கிறது என்பதை வீட்டில் சொல்லவில்லை.

கே., கரூர்

அன்புள்ள கே.,

பயம் இருக்கட்டும், நல்லதுதான். எனக்கு அது இல்லாமல் போனதுதான் வினையாயிற்று. ஹாரன் சத்தம், நடைபாதையை அடைத்த கடைகள், பைக்கில் மூன்று பேர், பிளாஸ்டிக் ஸ்டூல் போட்ட டீக்கடை. எல்லாவற்றையும் பார்த்ததும் நம்ம ஊர்தானே என்று தோன்றிவிட்டது. அன்றைக்கு நான் இடறியதெல்லாம் அப்படித் தெரிந்ததுபோலத் தோன்றிய இடங்களில்தான்.

சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கமாகப் போகின்றன. நாம் காலை வைத்ததும் முதலில் வருவது இடமிருந்து. நம் கழுத்தோ ஐம்பது வருஷப் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பும். இரண்டாவது சிக்கல், நாம் கடக்கும் விதம். இடைவெளி பார்த்து, கையைக் காட்டி, ஓட்டமாக ஓடிவிடுவோம். ஹனோயில் அந்த இடைவெளி வரவே வராது. ஓடினால்தான் ஆபத்து. பைக் ஓட்டுகிறவர்கள் உங்கள் நடையின் வேகத்தைக் கணக்குப் போட்டு ஒதுங்கிப் போகிறார்கள். ஆகவே மெதுவாக, ஒரே சீராக, நிற்காமல் நடக்க வேண்டும். பின்வாங்கவே கூடாது. பஸ்ஸும் காரும் அப்படி ஒதுங்காது, அவற்றைப் போகவிட்டு இறங்குங்கள். பத்து நிமிஷம் ஓரத்தில் நின்றபின், காய்கறிக் கூடையோடு வந்த ஒரு பாட்டியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் நான் அக்கரை சேர்ந்தேன். சென்னைச் சாலைகளைக் கடந்து பழகியவன் என்ற பெருமை அந்த ஓரத்திலேயே நின்றுவிட்டது.

அப்புறம் பணம். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். எல்லா நோட்டிலும் ஹோ சி மின் முகம்தான். 20,000 நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். முன்னது எழுபது ரூபாய்க்கும் குறைவு, பின்னது ஆயிரத்தறுநூறுக்கு மேல். ஒரு தெருவோரக் கடையில் ஐஸ் போட்ட டீ குடித்துவிட்டு நீல நோட்டைக் கொடுத்துச் சில்லறையை எண்ணாமல் நடந்தேன். பின்னாலேயே அந்தம்மா கத்திக்கொண்டு வந்தார். எதற்குச் சண்டைக்கு வருகிறார் என்று நான் நடையை எட்டிப்போட்டேன். பிடித்து நிறுத்தி அந்த நோட்டைக் கையில் திணித்தபோதுதான் பெரியதைக் கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அன்று காலை விமான நிலைய வாசலில் என் பையைப் பிடுங்காத குறையாக ஏற்றிக்கொண்ட டாக்சிக்காரர் இரண்டு மடங்கு வாங்கியிருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 86ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள், பழைய நகரம் வழியாக ரயில் நிலையம் வரை போகும். இல்லையென்றால் கிராப், அதாவது போனில் செயலி வழியாகக் கூப்பிடும் டாக்சி. இரண்டு நீலத்தையும் பர்ஸில் வேறு வேறு அறையில் வையுங்கள். கடைப் பலகையில் 50 என்று போட்டிருந்தால் ஐம்பதாயிரம் என்று பொருள், மயங்க வேண்டாம்.

ஆங்கிலம் சுமார் என்று கவலைப்படுகிறீர்கள். அங்கே பலருக்கும் சுமார்தான், சரிக்குச் சரி. அவர்கள் எழுதுவது ரோமன் எழுத்தில் என்பதால் படித்துவிடலாம் போலிருக்கும். படித்தால் யாருக்கும் புரியாது. அவர்கள் மொழியில் ஆறு தொனிகள், தொனி மாறினால் பொருளே மாறிவிடும். சைவ உணவுக்கு 'சாய்' என்பார்கள், சமமான குரலில். அதையே தொண்டையில் வெட்டி இறக்கினால் 'ஓடு' என்று அர்த்தம். நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் என்ன தொனியில் சொன்னேனோ, அங்கிருந்த பெண் சாலையைக் கைகாட்டினார். சொல்லாதீர்கள், எழுதிக் காட்டுங்கள். சி, எச், ஏ, ஒய் என்று பலகையில் இருந்தால் சைவக் கடை. மற்ற கடைகளில் வெறும் கீரை கேட்டாலும் மீன் சாறு சேர்ந்துவிடலாம், அது அவர்களுக்கு உப்பு மாதிரி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கேயும் பலர் சைவம் சாப்பிடுகிறார்கள். உங்கள் தேதி அப்படி அமைந்தால் அதிர்ஷ்டம்.

பழைய நகரத்தில் தெருக்களுக்குச் சரக்கின் பெயர்: வெள்ளித் தெரு, சர்க்கரைத் தெரு என்று. ஹோவான் கியம் ஏரியிலிருந்து வடக்கே நேராகப் போகிற ஒரே சாலைக்கு வரிசையாக நான்கு பெயர்: ஹாங் தாவ், ஹாங் ஙாங், ஹாங் துவோங், தோங் சுவான். திரும்பவே இல்லையே, எப்படி வேறு தெருவுக்கு வந்தோம் என்று நான் வந்த வழியே இரண்டு முறை திரும்பி நடந்தேன். ஓட்டல் முகவரி அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருங்கள், போதும்.

உங்கள் மகளின் அட்டவணையில் ஒரு ஓட்டை. ஹோ சி மின் நினைவிடம் திங்களும் வெள்ளியும் மூடல், மற்ற நாட்களிலும் காலையில் மட்டும்தான். மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இலக்கியக் கோயிலையும் மறுநாளுக்குத் தள்ளிவிட்டு மதியம் தூங்குங்கள். பொம்மலாட்டம் இருக்கட்டும், அது ஏரிக்கரையிலேயே நடப்பது. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை ஹோவான் கியம் ஏரியைச் சுற்றி வண்டிகளை விடமாட்டார்கள். ஆட்டம் முடிந்து இருவரும் எந்தப் பக்கமும் பார்க்காமல் நடுரோட்டில் நடக்கலாம்.

வியட்நாம் என்றால் வெக்கை என்று பருத்திச் சட்டையாக அடுக்கியிருப்பீர்கள். ஜனவரியில் ஹனோய் குளிரும், பல நாட்கள் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஸ்வெட்டரும் வீட்டம்மாவுக்குச் சால்வையும் வையுங்கள். பருப்புப் பொடியும்தான். சோறு எல்லா இடத்திலும் கிடைக்கும்.