மலைநாட்டில் தொடர்மாடி வீடு வாங்கலாமா? கேள்விகளும் பதில்களும்

கண்டியில் காணி, வீடு மதிப்பிடும் தொழில் எனக்கு. வங்கிக் கடனுக்கு அறிக்கை எழுதுவதுதான் அதிகம். தொடர்மாடி வீடு பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஹட்டன், ஆசிரியை: சேர், பிள்ளைகளின் படிப்புக்காகக் கண்டிக்கு வரப்போகிறோம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மாடி வீடு பார்த்தோம். அந்தக் காசுக்குக் கொட்டகலையில் 10 பேர்ச் வாங்கி வீடு கட்டலாம் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். “லயத்தை விட்டு வந்தது மறுபடியும் அடுத்தவன் சுவரோடு ஒட்டி வாழவா?” என்று கேட்கிறார்.

டீச்சர், அம்மாவின் கேள்வி நியாயமானது. ஆனால் லயத்தில் சுவர் மட்டுமா நம்முடையதாக இல்லை? மூன்று தலைமுறை இருந்தாலும் கையில் ஓர் உறுதிப் பத்திரம் கிடையாது. மாடி வீட்டில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பெயரில் உறுதி வரும். காணி, படிக்கட்டு, கூரை எல்லாவற்றிலும் பங்கும் வரும். அதை விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். அந்த வகையில் இரண்டும் ஒன்றல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இருந்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். படிப்பு முடிந்ததும் திரும்பிப் போவதாக இருந்தால் கண்டியில் வாடகைக்கு இருங்கள். கொட்டகலைக் காணியை இப்போதே வாங்கிப் போடுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பார்த்துவிட்டு. கண்டியிலேயே நிலைக்கப் போகிறீர்கள் என்றால் வேறு கதை. அப்போது அடுத்த பதிலைக் கவனமாகப் படியுங்கள்.

நுவரெலியா: மலைச்சரிவில் ஆறு மாடி, பல்கனியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. மனைவிக்குப் பிடித்துவிட்டது. வாங்க முன் என்ன பார்க்க வேண்டும்?

பல்கனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போங்கள். மலையை வெட்டிய இடத்தில் மண்ணைத் தாங்க ஒரு சுவர் எழுப்பியிருப்பார்கள். நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் அதைப் பாருங்கள். தண்ணீர் வடிய விட்ட குழாய்த் துளைகளில் சொட்டு விழ வேண்டும். துளைகள் காய்ந்து கிடக்க, சுவரின் நடுவில் ஈரம் கசிந்தால், துளை அடைபட்டுவிட்டது, பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். சுவர் ஓரத்தில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். வயிறு தள்ளியிருந்தால் தெரிந்துவிடும். ஒரு பட்டை மட்டும் புதிதாகப் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மேலே தேயிலை மலை என்றால் அங்கிருந்து வரும் தண்ணீர்க் கான் எங்கே இறங்குகிறது? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு அறிக்கை. மண்சரிவு அபாயமுள்ள நமது மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு இல்லாமல் கட்ட அனுமதி கிடைக்காது. அதனால் எல்லாரும் “இருக்கிறது” என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது அதிலுள்ள நிபந்தனைகளை: எவ்வளவு உயரம் வெட்டலாம், வடிகால் எப்படி, சுவர் எங்கே. சொன்னபடி செய்தார்களா? 2014 ஒக்டோபரில் மண்ணுக்குள் போன பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்துக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது. எழுத்தில் இருப்பது வேறு, நடப்பது வேறு. 2025 நவம்பர் டித்வா புயலுக்கு முந்திய அறிக்கையென்றால், அதற்குப் பிறகு யாராவது வந்து பார்த்தார்களா என்றும் விசாரியுங்கள்.

மண்ணைத் தாங்கும் அந்தச் சுவர் கட்டடத்தின் பொதுச் சொத்து. நாளைக்கு இடிந்தால் செலவு எல்லா வீட்டுக்காரருக்கும் பங்குப்படி விழும், உங்களுக்கும்தான்.

மாத்தளை: கட்டி முடியவில்லை. முற்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கூட்டாதன வரைபடம், அதாவது எந்த வீடு யாருக்கு, எது பொது என்று பிரித்துக் காட்டும் வரைபடம், காணிப் பதிவகத்தில் பதிவாகும் வரை உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தம்தான், உறுதி அல்ல. உங்கள் சொந்தச் சட்டத்தரணியை வைத்துக்கொள்ளுங்கள், கம்பனி காட்டும் ஆளை அல்ல. காணி வங்கியில் ஈட்டில் இருக்கிறதா, உங்கள் வீட்டை அந்த ஈட்டிலிருந்து விடுவிப்பதாக வங்கி எழுத்தில் தருகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிலும் விசாரியுங்கள். விலையில் வாட் வரி சேர்ந்ததா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முத்திரைத் தீர்வை தனி: முதல் இலட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%. 2 கோடி வீட்டுக்கு ஏறக்குறைய 8 இலட்சம். நொத்தாரிசுக் கட்டணம் அதற்கு மேல்.

கண்டி: நாங்கள் கீழ் மாடி. லிஃப்டில் ஏறுவதே இல்லை. அதற்கும் மாதக் காசு கட்ட வேண்டுமா அண்ணே?

கட்டத்தான் வேண்டும் தம்பி. பாவிப்பை வைத்து அல்ல, பங்கை வைத்துத்தான் கணக்கு. மாதக் காசு குறைவு என்று சந்தோஷப்பட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். வாங்க முன் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் (வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்து கட்டடத்தைப் பராமரிக்கும் அமைப்பு) கணக்கையும் கடைசிக் கூட்ட அறிக்கையையும் கேளுங்கள். எத்தனை வீடு பாக்கி, கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள். காட்ட மறுத்தால் வேறு இடம் தேடுங்கள்.

பண்டாரவளை: பூஞ்சணம் பிடிக்குமா?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் என்றால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை அடிக்கும் சுவரைப் பாருங்கள். உங்கள் ஊவாப் பக்கத்துக்கு ஆண்டு முடிவில் வரும் வடகிழக்கு மழைதான் பெரிது. பகலில் பனி மூடும் இடங்களில் காலை வெயில் விழும் வீட்டை எடுங்கள். புதுப் பெயின்ட் வாசம் அடித்தால் உள் அலுமாரியைத் திறந்து மோந்து பாருங்கள், அங்கே பூசியிருக்க மாட்டார்கள்.

டொரொன்டோ: என்னிடம் கனடா பாஸ்போட் மட்டும்தான். நுவரெலியாவில் வாங்க முடியுமா?

இரட்டைக் குடியுரிமை எடுத்தால் உள்ளூர்க்காரர் போலவே வாங்கலாம். இல்லாவிட்டால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி எழுதுவதைத் தடுக்கிறது. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் முழுத் தொகையும் உறுதி எழுத முன்பே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பிய காசு இதில் சேராது. தம்பி பெயரில் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதினால் அது தம்பியின் வீடு.

பெயர் வேண்டாம் என்றவர்: அப்பாவுக்கு 80 தாண்டிவிட்டது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மாடியில் ஒரு சாவு நடந்தால்?

கூச்சப்படாதீர்கள், எல்லாருக்கும் மனதில் இருக்கும் கேள்விதான். பெட்டி நேராக நுழையாத லிஃப்ட் நிறைய உண்டு. படிக்கட்டுத் திருப்பத்தில் நான்கு பேர் தூக்கித் திரும்ப இடமிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அதே இடத்தால்தான் நோயாளியையும் ஸ்ட்ரெச்சரில் இறக்க வேண்டும். கண்டியில் இப்போது பலர் மலர்ச்சாலையிலேயே வைத்துவிடுகிறார்கள். வீட்டில்தான் வைக்க வேண்டும், பந்தல் போட வேண்டும், மூன்று நாள் சனம் வரவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசையிருந்தால் மாடி வீடு உங்களுக்குச் சரிவராது. பொங்கலுக்கும் முற்றம் கிடையாது. மொட்டைமாடியில் அடுப்பு மூட்ட விடுவார்களா என்று விதிகளில் பாருங்கள்; சில இடங்களில் விடுகிறார்கள்.

தலவாக்கலை: ஊழியர் சேமலாப நிதியில் இருந்து எடுக்கலாமா?

தகுதி இருந்தால் வீட்டுக்காக 30% வரை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். தொழில் திணைக்களத்தில் விண்ணப்பியுங்கள். ஆனால் அந்தக் காசை முற்பணமாகக் கட்டுவது, மேலே மாத்தளைக்காரருக்குச் சொன்னவை எல்லாம் சரியென்று சட்டத்தரணி சொன்ன பிறகுதான்.