மசாஜ் செய்தால் கெண்டைக்கால் பிடிப்பு விடுமா? தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறுமா?

பிடிப்பு விடும். ஆனால் இழுத்துப் பிடித்திருக்கிற அந்த நிமிஷத்தில் நீவுவதைவிட, காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்கிப் பிடித்தால்தான் சீக்கிரம் விடும். லாக்டிக் அமிலத்துக்கும் மசாஜுக்கும் ஊரில் சொல்கிற மாதிரி சம்பந்தம் கிடையாது. பதினோரு வருஷமாக பிசியோதெரபி பார்க்கிறேன், இந்த இரண்டையும் கேட்காத வாரமே இருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு ராத்திரியில் கொரக்களி இழுக்கும். பகல் முழுக்க நின்றே வேலை பார்க்கிற கால். ஒருநாள் இரண்டு மணி இருக்கும், "ஐயோ கால்!" என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பா தேங்காய் எண்ணெயைத் தடவி, கட்டைவிரலால் கெண்டையை அழுத்திக்கொண்டிருந்தார். அவர் அழுத்த அழுத்த அம்மா துடித்தார். "விடுங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்று சொல்லி, அம்மாவின் முழங்காலை நேராக நீட்டி, பாதத்தின் முன்பக்கத்தைப் பிடித்து, விரல்கள் முகத்தைப் பார்க்கும்படி மெதுவாகத் தள்ளிப் பிடித்தேன். கெண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டை. அது தோலுக்கு அடியில் படபடவென்று அடித்துக்கொள்வது விளக்கு வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. அரை நிமிஷம் பிடித்திருப்பேன். உருண்டை மெல்ல இளகி, கால் பழையபடி தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவை எண்ணெய் தேய்க்கச் சொன்னேன்.

காரணம் இதுதான். பிடித்துக்கொள்வது தசை என்றாலும், பிடிக்கச் சொல்வது நரம்பு. தண்டுவடத்தில் இருக்கும் நரம்பு செல்கள் "சுருங்கு, சுருங்கு" என்று நிறுத்தாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து, கெண்டைத் தசை ஏற்கனவே குறுகித்தான் கிடக்கும். அந்த நிலையில் சின்னத் தூண்டல் போதும், இழுத்துக்கொள்ளும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணில், இழுவிசையை உணரும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. காலை நீட்டிப் பிடித்தால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பி, அந்தக் கட்டளையை அடக்குகின்றன.

நீவுவதற்கும் நரம்பை அமைதிப்படுத்தும் குணம் உண்டு. 1990ல் கனடாவின் மாண்ட்ரியலில் கெண்டைத் தசையைப் பிசைந்துகொண்டே நரம்பின் அனிச்சைத் துடிப்பை அளந்தார்கள். கை வேலை செய்யும்வரை துடிப்பு குறைந்தது. கையை எடுத்ததும் பழைய அளவுக்கே வந்துவிட்டது. ஆக, மசாஜ் கொடுக்கும் இந்தத் தளர்ச்சி பெரும்பாலும் கை படும் நேரத்துக்கானது.

இப்போது தசைக்குள் நடக்கும் வேலைக்கு வருவோம். சுருங்கத்தான் சக்தி வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். சுருங்கிய தசை விடுவதற்கும் ஏடிபி என்கிற எரிபொருள் வேண்டும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது அந்த எரிபொருள் தீர்ந்துபோவதால்தான். லாக்டிக் அமிலம் என்று நாம் சொல்வது உடலில் லாக்டேட்டாகத்தான் இருக்கிறது, அதுவும் கழிவு இல்லை. இதயம் அதை எடுத்து எரிக்கிறது, கல்லீரல் அதைத் திரும்பவும் குளுக்கோஸாக மாற்றுகிறது. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் வரும் வலி தசை இழைகளில் விழுந்த நுண்ணிய காயங்களாலும் அதையொட்டிய அழற்சியாலும் வருவது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010ல் வெளியிட்ட ஆய்வில், கையை இறுக்கிப் பயிற்சி செய்தவர்களுக்கு மசாஜ் கொடுத்தபோது ரத்த ஓட்டம் தடைபட்டு, லாக்டேட் வெளியேறுவது தாமதமானது. பிசையும் கை ரத்தக்குழாயையும் சேர்த்துத்தானே நசுக்குகிறது!

அப்படியானால் மசாஜ் வீணா? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அதே நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2012ல் வெளிவந்தது. 11 இளைஞர்களைக் களைத்து ஓயும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிஷம் மசாஜ், மற்றக் கால் சும்மா. இரண்டு தொடையிலிருந்தும் துளித் தசையை ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஆள், ஒரே களைப்பு, கால் மட்டும்தான் வேறு. இதைவிட நேர்மையான ஒப்பீடு எங்கே கிடைக்கும்? மசாஜ் பெற்ற தசையில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான சமிக்ஞை கூடியிருந்தது. லாக்டேட்டிலோ, தசை சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனிலோ மாற்றமில்லை. பதினோரு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் கை அழுத்தம் செல்லுக்குள் வரை போய்ப் பேசுகிறது என்று காட்டிய அந்த முடிவைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடிக்கடி இழுக்கிறவர்கள் படுக்கப்போகும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பட, கெண்டையை நீட்டி நில்லுங்கள். நெதர்லாந்தில் 55 வயது தாண்டிய 80 பேரை வைத்துப் பார்த்ததில், ஆறு வாரம் இரவில் இப்படிக் கால்களை நீட்டிப் பழகியவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது. அம்மாவும் இப்போது இதைத்தான் செய்கிறார். அதோடும் நிற்கவில்லை என்றால், சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் இது வரும்.

ஒரே ஒரு விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். காலில் கட்டுப் போட்டு ஒரு மாசம் படுத்திருந்த உறவினர் ஒருவருக்குக் கெண்டை வலித்தது. பிடிப்பு என்று நினைத்து வீட்டில் இரண்டு நாள் உருவிவிட்டார்கள். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் ஐசியு வரை போய்த் திரும்பினார். பிடிப்பு என்றால் சில நிமிஷத்தில் விட்டுவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, வலி விடாமல் இருந்தால் அந்தக் காலில் கையே வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.