ஓர் எழுத்து தவறினால் அடுத்தடுத்தும் ஏன் தவறுகிறது?

கேள்வி: இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறேன். தவறில்லாமல் போகும்வரை வேகம் நன்றாக இருக்கிறது. ஓர் எழுத்து மாறி விழுந்துவிட்டால் போதும், கை தயங்குகிறது. விட்ட நேரத்தைப் பிடிக்க வேகமாக அடித்தால் அதே வரியில் இன்னும் இரண்டு மூன்று தவறுகள். 'பயத்தை விடு, கவனமாக அடி' என்கிறார்கள். குரூப் 4 மாதிரித் தேர்விலும் இதே நிலைதான். என்ன செய்வது? – வாசகி, விழுப்புரம்.

பதில்: அந்தத் தயக்கத்துக்குப் பயம் காரணம் அல்ல. பயமே இல்லாதவருக்கும் அது வரும். 1966இல் பேட்ரிக் ராபிட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், பொத்தான் அழுத்தும் எளிய சோதனைகளில் இதைப் பதிவு செய்தார்: தவறான பொத்தானை அழுத்தியவர்கள், அதற்கடுத்த முறை வழக்கத்தைவிடத் தாமதமாக அழுத்தினார்கள். கை எதையாவது தவறாகச் செய்துவிட்டால், பத்தில் ஒரு விநாடிக்குள் மூளையின் முன்பகுதியில் ஒரு மின் அலை எழுவதை 1990களின் தொடக்கத்தில் ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டறிந்தார்கள். 'ஐயோ' என்று நீங்கள் நினைப்பதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிற ஆய்வு 2010இல் வெளிவந்தது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கோர்டன் லோகனும் மேத்யூ கிரம்ப்பும் தேர்ந்த தட்டச்சர்களைக் கணினிமுன் அமர்த்தினார்கள். கணினி இரண்டு ஏமாற்று வேலைகளைச் செய்தது. அவர்கள் சரியாக அடித்த சில சொற்களைத் திரையில் தவறாகக் காட்டியது. தவறாக அடித்த சிலவற்றைத் திருத்திக் காட்டியது. தட்டச்சர்கள் பெரும்பாலும் திரையைத்தான் நம்பினார்கள். தாங்கள் செய்யாத தவறைத் தங்களுடையது என்றார்கள். கணினி திருத்தியதைத் தாங்களே சரியாக அடித்ததாகச் சொன்னார்கள். விரல்கள் மட்டும் ஏமாறவில்லை. உண்மையிலேயே தவறிய இடங்களில், திரை சரி என்று காட்டியபோதும், அவை தாமதித்தன. கணினி நுழைத்த பொய்த் தவறுகளுக்குப் பிறகு அவை தாமதிக்கவே இல்லை. அதாவது விரல்களுக்கென்று தனியாக ஒரு கண்காணிப்பு இருக்கிறது. நாளெல்லாம் பழகியதால் வந்தது அது. அதை இழக்க நீங்கள் விரும்பக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. தேர்ந்த தட்டச்சர்களின் தவறான அடிகள் பலசமயம் லேசாக விழுகின்றன என்பதையும் ராபிட் 1978இல் காட்டினார். விசை இறங்கும்போதே கை பின்வாங்கத் தொடங்கிவிடுகிறது என்று பொருள். உங்கள் பழைய தாள்களை வெளிச்சத்தில் பாருங்கள். தவறிய எழுத்துகளில் சில மற்றவற்றைவிட மங்கலாக இருக்கலாம்.

சரி, ஒரு தவறு ஏன் மூன்றாகிறது? தயக்கத்தை மீறி ஓடுவதால். தவறு நடந்தபின் அடுத்த வேலை உடனே வந்து விழுந்தால் மறுபடி தவறுவது கூடுகிறது. ஒரு விநாடி அளவு இடைவெளி கிடைத்தால் அந்தப் பாதிப்பு இல்லை. இதை யெண்ட்ஸ்ச், டூட்ஷிக் என்ற ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். மூளை நடந்ததைச் சரிபார்க்கும் நேரத்திலேயே அடுத்ததையும் செய்யச் சொன்னால் இரண்டும் அரைகுறையாகின்றன.

ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 சொல். சொல்லுக்கு ஐந்து ஸ்ட்ரோக் என்று வைத்தால், ஒரு விசைக்குக் கால் விநாடிக்குச் சற்று மேல். தவறியதும் அந்த இடத்திலேயே கையை ஒரு விநாடி நிற்க விடுங்கள். விரல்கள் ஏ, எஸ், டி, எஃப் வரிசைக்குத் திரும்பட்டும். பிறகு பழைய தாளத்திலேயே தொடருங்கள், அதைவிட வேகமாக வேண்டாம். இதனால் போவது நான்கு ஸ்ட்ரோக்தான். பத்து நிமிடத்தில் பத்து முறை தவறினாலும் மொத்த இழப்பு பத்து விநாடி. தவறிய எழுத்தின்மேலேயே மறுபடி அடிக்காதீர்கள். கண்ணை மூலத்தாளிலிருந்து எடுக்கவே கூடாது. இதைத்தான் மிக அழுத்திச் சொல்வேன். தவறு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பும் கண், பலசமயம் வேறு வரியில் போய் நிற்கிறது. ஒரு வரியே விட்டுப்போவதோடு ஒப்பிட்டால் ஓர் எழுத்துத் தவறு ஒன்றுமே இல்லை.

வாரத்தில் ஓரிரு நாள், உங்கள் இயல்பான வேகத்துக்கு மேலே, தவறுகள் தாராளமாக விழும்படி சில நிமிடங்கள் அடித்துப் பாருங்கள். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நோட்டபார்ட் குழு 2009இல் செய்த ஆய்வில், தவறுகளே அதிகமாகவும் சரியானவை அரிதாகவும் ஆக்கப்பட்டபோது, மக்கள் சரியானவற்றுக்குப் பிறகுதான் தாமதித்தார்கள். அரிதாக நடப்பதுதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. தவறு பழகிவிட்டால் அந்த அதிர்ச்சி குறையும் என்பது இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் இந்தப் பயிற்சி வேண்டாம்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் உங்கள் தாள்களில் தவறுகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அவை கொத்துக்கொத்தாக இருந்தால்தான் மேலே சொன்னது உங்களுக்கானது. தாள் முழுக்கச் சிதறி, மோதிர விரலும் சுண்டு விரலும் தொடும் எழுத்துகளிலேயே விழுந்திருந்தால் குறை விரல் பயிற்சியில் இருக்கிறது. அடிப்படைப் பாடங்களுக்குத் திரும்புங்கள்.

குரூப் 4 வேறு வகை. 200 கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி. இங்கே கூடுதலாக எடுக்கும் நேரம் தானாகவே பலன் தருவதில்லை. 2016இல் பர்செல், கியானி இருவரும் மனிதர்களிடமும் குரங்குகளிடமும் செய்த ஆய்வில், தவறுக்குப் பின் முடிவெடுக்க அதிக நேரம் பிடித்தும் துல்லியம் கூடவில்லை. எச்சரிக்கை கூடிய அதே நேரத்தில், எதிரே இருப்பதை உள்வாங்கும் திறன் குறைந்திருந்தது. நீங்கள் பயன்படுத்தும் செயலி ஒவ்வொரு விடைக்கும் உடனே சிவப்புக் குறி காட்டினால், முடிவுகள் கடைசியில் மட்டும் வரும்படி மாற்றிவிடுங்கள். உண்மையான தேர்வில் எந்தக் குறியும் வரப்போவதில்லை. முந்தைய விடை தவறோ என்று மனம் அரித்தால், அடுத்த கேள்வியின் வாசகத்தை, விடைகளைப் பார்க்காமல், ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அதன்பின் விடைகளுக்குப் போங்கள்.