மாரத்தான் பயிற்சி எடுக்கும்போது குடியை முழுதாக விட வேண்டுமா, குறைத்தால் போதுமா?

ஜனவரி சென்னை மாரத்தானுக்குத் தயாராகிறேன், வார இறுதியில் மட்டும் குடிப்பேன், காலையில் ஓடினால் எல்லாம் வேர்வையில் போய்விடும் என்கிறார்களே, உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போகாது. உள்ளே போனதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஈரல்தான் எரித்துத் தீர்க்க வேண்டும். வேர்வை, மூச்சு, சிறுநீர் எல்லாம் சேர்ந்து வெளியேற்றுவது சொற்பம். இந்த வேர்வைக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்களும் என்னைப் போல ஐடி வேலை, சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள், ஞாயிறு விடிகாலை லாங் ரன் (வாரத்தின் நீளமான பயிற்சி ஓட்டம்) என்று இருப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் அடுத்தடுத்து வருவதுதான் சிக்கல். அளவைக் குறைக்கும் யோசனை யாருக்குப் பலித்ததோ தெரியாது, நான் கிழமையை மாற்றினேன். லாங் ரன்னுக்கு முந்தின ராத்திரி ஒரு சொட்டு கிடையாது.

போன டிசம்பரில் 32 கிலோமீட்டர் ஓட வேண்டிய ஞாயிறுக்கு முதல் நாள் டீமில் ஒருவருக்கு ஃபேர்வெல். என் முன்னால் கிளாஸை வைத்து ஊற்றப் போனார்கள். "ஒரே ஒரு ஸ்மால்டா மச்சி, ஒண்ணும் ஆகாது." கிளாஸைக் கையால் மூடிக்கொண்டேன். "நாலு மணிக்கு எழுந்திரிக்கணும்டா. நாளைக்கு மத்தியானம் எல்லாரும் வீட்டுக்கு வாங்க, பிரியாணி என் செலவு." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஆனாலும் வந்தார்கள். அன்று காலை பெசன்ட் நகரிலிருந்து கிளம்பியவன் கடைசி ஐந்து கிலோமீட்டரையும் நடக்காமல் ஓடி முடித்தேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஒழுக்கப் பாடம் எடுக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வாட்ச்சைப் பாருங்கள்: தூக்கத்தில் 55-ஐ ஒட்டி இருக்கும் என் இதயத்துடிப்பு, இரண்டு லார்ஜ் போன ராத்திரி 65-க்குக் கீழே இறங்காது. ஒரு குவார்ட்டரில் ஆல்கஹால் மட்டுமே 400 கலோரிக்கு மேல். 70 கிலோ ஆள் ஆறு கிலோமீட்டர் ஓடினால்தான் அது சரியாகும். 2014-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பயிற்சி முடித்து நிறையக் குடித்தவர்களுக்குப் புரதம் கொடுத்தும் தசைப் புரதம் உருவாவது 24 சதவீதம் குறைந்தது. "பிரான்ஸில் மெடாக் மாரத்தானில் வழியெல்லாம் ஒயின் தருகிறார்களே" என்பீர்கள். அது மாறுவேடம் போட்டு ஓடும் திருவிழா, டைமிங்குக்காக ஓடுவது வேறு.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். குடித்துவிட்டு எங்கே போவது? நான் ஓடும் கடற்கரைப் பக்கம் விடிகாலை ஐந்து மணிக்குப் பொதுக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. எங்கள் குழுவில் ஓடும் பெண்கள் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறார்கள். சென்னைப் புழுக்கத்தில் இது எவ்வளவு ஆபத்து! சீக்கிரம் திறந்துவிட ஓர் ஆள் போதாதா?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டம் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி வரும், அதனால் டிசம்பர் 31 பார்ட்டி சரியாக அந்தக் கடைசி நாட்களில் விழும். அதை இப்போதே வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். வார இறுதி என்று எழுதியிருந்தாலும் உண்மையில் தினமும் குடிப்பவர் என்றால் மட்டும் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகும். முதலில் டாக்டரைப் பாருங்கள்.