குப்பை லாரித் தொழிலாளிக்குக் குப்பைப் பையில் கிடக்கும் ஊசி குத்தினால் உடனே என்ன செய்ய வேண்டும்?

குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கவோ, வாயால் உறிஞ்சவோ, பிளீச்சிங் ஊற்றவோ கூடாது.

அடுத்து, தாமதிக்காமல் அரசு மருத்துவமனை. மருத்துவர் எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவை என்றால், 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம்தான் எல்லை. 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள்.

எச்ஐவியைவிட எளிதில் தொற்றுவது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. அதற்கான தடுப்பூசியை 0, 1, 6 மாதங்களில் 3 தவணையாக, வேலையில் சேரும்போதே தொடங்கியிருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் இதைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

சாதாரண ரப்பர் கையுறை ஊசியைத் தடுக்காது. பையை அடியில் தாங்கும்போதும், கையால் அமுக்கும்போதும், தொடையில் உரசும்போதும்தான் குத்துகிறது. பையின் கழுத்தைப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளித் தூக்குங்கள். குத்திய நேரத்தை அன்றே மேற்பார்வையாளரிடம் எழுத்தில் பதியுங்கள்; பின்னால் இழப்பீடு கேட்க அது வேண்டும்.